நிறம் போன நீர்

தமிழ் படிப்பிக்கிறவனுக்கும் இரசாயனத்துக்கும் என்ன கொடுக்கல் வாங்கல் என்று வாசகர்கள் கேட்கலாம். உண்மையில் ஒரு கொடுக்கல் வாங்கலில்தான் இது தொடங்கியது.

கொட்டாஞ்சேனையில் எனது பாடசாலைக்குக் கிட்ட ஒரு பள்ளிவாசல். ளுஹர் தொழுகைக்கு அங்கேதான் போவேன். பின்புறத்தில் பழைய கிணறு ஒன்று உண்டு. வுளூச் செய்யும் ஹவுளுக்குத் தண்ணீர் அதிலிருந்துதான் ஏறுகிறது. பாதையால் போகிறவர்கள் குடிக்கட்டும் என்று வாசலில் வைத்திருந்த இரண்டு குழாய்களிலும் வருவது அதே தண்ணீர்தான். நாட்டாமைகள், முச்சக்கரவண்டிக்காரர்கள், எங்கள் பிள்ளைகள் என்று நாள் முழுக்க அங்கே ஆள் நிற்கும். அந்தத் தண்ணீர் நல்லதுதானா என்ற பேச்சு ஜமாஅத்தில் பல காலமாக இருந்தது.

சென்ற வருடம் ஒரு நிறுவனத்தின் முகவர் வந்தார். ஒரு கண்ணாடிக் குவளை, வெள்ளைப் பூச்சுப் பூசிய சிறு தட்டு, ஒரு விளக்கு. குவளைத் தண்ணீரில் நீலச் சாயத்தைக் கரைத்துத் தட்டை உள்ளே வைத்து விளக்கைப் போட்டார். முக்கால் மணித்தியாலத்தில் நீலம் வெளுத்து, பிறகு இல்லாமலே போய்விட்டது. "நனோ தொழில்நுட்பம். ஒளி பட்டதும் அழுக்கைத் தின்றுவிடும்" என்றார். பார்த்துக்கொண்டிருந்த பெரியவர்கள் சுப்ஹானல்லாஹ் என்றார்கள். நானும் சொன்னேன். விலை நாலரை இலட்சம்.

நம்பிக்கையாளர் சபைத் தலைவர் என் தோளில் கையைப் போட்டு, "மாஸ்டர், கடிதத்த நீங்களே எழுதுங்க. ஒங்களுக்குத்தான் நல்லாத் தமிழ் வரும்" என்றார். எழுதினேன். இரண்டு பக்கம். ஒளி, நீர், தூய்மை என்று எதுகை மோனையோடு எழுதிய அந்தக் கடிதம் ஜும்ஆவுக்குப் பிறகு வாசிக்கப்பட்டது. காசு சேர்ந்தது. சந்தில் இடியப்பம் அவித்து விற்கும் ராத்தா ஒருவர் ஐயாயிரம் ரூபாய் கொடுத்தனுப்பினார்.

கடிதத்தின் படமொன்று கையடக்கத் தொலைபேசி வழியாக என் பழைய மாணவர் ஒருவரிடம் போயிருக்கிறது. கம்பஸில் இரசாயனம் படிக்கிறார். அன்றிரவே எடுத்தார்.

"சேர், வெளக்க அணைச்சிட்டுத் தட்ட மட்டும் வெச்சுப் பாத்தீங்களா?"

இல்லை.

"நீலம் போன பொறகு அந்தத் தண்ணில என்ன மிச்சம் ஈந்திச்சுன்னு யாராவது பாத்தாங்களா?"

அதுவும் இல்லை.

"நம்மட கிணத்துல நீலமா ஈக்கி?"

இந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். அவர் தந்த புத்தகங்களை வாசித்து, விளங்காததை அவரிடமே கேட்டு, பிழை திருத்தி எழுதியது.

முகவர் பொய் சொல்லவில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அந்த வெள்ளைப் பூச்சு தைத்தேனியம் ஈரொட்சைட்டு. நமக்குப் புதிய பொருளல்ல. சுவருக்கு அடிக்கும் வெள்ளைப் பெயின்டின் வெண்மையும், பல பற்பசைகளினதும் மாத்திரைகளினதும் வெண்மையும் அதுதான். பல வருடம் வெயில் குடித்த மதிலில் சாய்ந்து எழும்பினால் சட்டை முதுகில் கோதுமை மா மாதிரி ஒட்டுமே, அதற்கு ஒரு காரணம் இந்த வெள்ளைதான். வெயில் பட்டதும் அது தன்னைச் சுற்றியுள்ள பெயின்டின் பசையையே கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடுகிறது. பசை போனதும் தூள் உதிர்கிறது. இதைத் தடுக்கப் பெயின்ட்காரர்கள் ஒவ்வொரு துகளுக்கும் சிலிக்காவிலோ அலுமினாவிலோ போர்வை போர்த்துகிறார்கள். தண்ணீர் சுத்தம் செய்கிறவர்களுக்கு வேண்டியது போர்வை இல்லாத துகள்.

தின்பது எப்படி? இந்தப் பொருளுக்குள் இருக்கும் இலத்திரன்களைப் படிக்கட்டு இல்லாத மாடிவீட்டில் குடியிருப்பவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழ்த்தட்டிலிருந்து மேல்தட்டுக்கு ஒரே பாய்ச்சலில் போனால் உண்டு, பாதியில் நிற்க இடமில்லை. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்துக்கு அவ்வளவு தூரம் தூக்கிவிடும் பலம் கிடையாது. 387 நனோமீற்றருக்குக் குறைந்த அலைநீளம் கொண்ட ஒளிக்குத்தான் அது முடியும். பாடநூல் கழியூதா என்றும் பத்திரிகை புறஊதா என்றும் சொல்வது அதைத்தான். (நனோமீற்றர் என்பது ஒரு மீற்றரின் நூறு கோடியில் ஒரு பங்கு.) அந்த ஒளி பட்டதும் இலத்திரன் மேலே பாய்கிறது. கீழே அது இருந்த இடம் வெறுமையாகிறது. அந்த வெற்றிடம் பக்கத்திலுள்ள தண்ணீரிடமிருந்து ஓர் இலத்திரனைப் பறித்துக்கொள்ள, பறிகொடுத்த தண்ணீர் ஐதரொட்சில் மூலிகமாகிறது. மேலே போன இலத்திரன் நீரில் கரைந்திருக்கும் ஒட்சிசனோடு சேர்ந்து இன்னொரு மூலிகத்தை உண்டாக்குகிறது.

மூலிகம் என்பதை மூலிகை என்று வாசித்துவிட வேண்டாம். என் வகுப்பில் ஒரு பிள்ளை அப்படித்தான் வாசித்தது. மூலிகை ஆளை ஆற்றும். இது அகப்பட்டதை எல்லாம் கடிக்கும். குளோரீனையும் ஓசோனையும்விட மூர்க்கமான ஒட்சியேற்றி. சாயமோ, பூச்சிமருந்தோ, எண்ணெயோ, காபன் சங்கிலி கொண்ட எந்தச் சேர்மமானாலும் கண்ணி கண்ணியாக அறுத்துப் போடும். முழுவதும் அறுந்தால் மிஞ்சுவது காபனீரொட்சைட்டும் தண்ணீரும் கொஞ்சம் உப்புகளும். வெள்ளைத் தூளோ செலவாவதில்லை. கல்யாணத் தரகர் மாதிரி, எத்தனை காரியம் முடித்தாலும் அவர் அவராகவே இருப்பார். ஆகவேதான் இதற்கு ஒளியூக்கி என்று பெயர்.

நனோ எதற்கு என்றால், இந்த மூலிகத்தின் ஆயுள் மிகக் குறைவு. ஒரு விநாடியை நூறு கோடியாகப் பிரித்தால் அதில் சில பங்குகள்தான். பிறந்த இடத்தை விட்டுத் தூரம் போக நேரமில்லை. அழுக்கு தூளின் மேற்பரப்புக்கே வந்து சேர வேண்டும். ஆகவே மேற்பரப்பு எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவுக்கு வேலை நடக்கும். ஆய்வுகூடங்களில் பெயர்பெற்ற பி25 என்ற தூளின் துகள் ஒன்று ஏறத்தாழ 20 நனோமீற்றர். தலைமயிரின் தடிப்பு அதைப்போல் சில ஆயிரம் மடங்கு. அந்தத் தூளில் ஒரு கிராமின் மேற்பரப்பை விரித்தால் ஏறத்தாழ 50 சதுர மீற்றர். கொழும்பு ஆட்களுக்கு விளங்கும் கணக்கில் இரண்டு பேர்ச். வெள்ளவத்தையில் இன்று இரண்டு பேர்ச் என்ன விலை போகிறது என்று தெரிந்தவர்களுக்கு ஒரு கிராம் தூளின் பெறுமதி புரியும்.

இதை உலகம் கவனித்தது 1972இல். தோக்கியோவைச் சேர்ந்த புஜிஷிமா, ஹொண்டா என்ற இருவர் தைத்தேனியம் ஈரொட்சைட்டின் மேல் ஒளி பட்டால் தண்ணீரே ஐதரசனாகவும் ஒட்சிசனாகவும் பிரிகிறது என்று 'நேச்சர்' சஞ்சிகையில் எழுதினார்கள். அடுத்த வருடமே அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. ஐதரசனை எரிபொருளாக்கலாம் என்று எல்லோரும் இதன் பின்னால் ஓடினார்கள். எரிபொருள் எளிதில் வரவில்லை. ஆனால் தண்ணீரையே பிரிக்கக்கூடியது தண்ணீரில் உள்ள நஞ்சையும் பிரிக்காதா என்ற கேள்வி வந்தது. 1977இல் அமெரிக்காவில் ஃபிராங்க், பார்ட் என்ற இருவர் சயனைட்டை இப்படி அழித்துக் காட்டினார்கள்.

இந்த வரலாற்றில் நம் நாட்டுக்கும் இடம் உண்டு என்பது எனக்குத் தெரியாமல் இருந்தது. கண்டி ஹந்தானையில் உள்ள அடிப்படை ஆய்வுகள் நிறுவகத்தில் பேராசிரியர் கீர்த்தி தென்னகோன் 1990களில் இதே பொருளை வைத்து வேலை செய்தார். அந்தக் காலத்தில் பெரிய தலையிடி தூளைத் திருப்பி எடுப்பது. தண்ணீரில் கலக்கினால் அழுக்குப் போகும், ஆனால் பாலாகிப்போன தண்ணீரிலிருந்து அவ்வளவு நுண்ணிய தூளை யார் வடிப்பது? அவரும் அவரது ஆய்வாளர்களும் தூளைப் பொலித்தீன் தாளிலேயே பதித்து நீரில் வைத்துப் பார்த்தார்கள். 1995இல் அந்தக் கட்டுரை வந்தது. 1996இல் அதே முறையால் பரகுவாட் களைகொல்லியைச் சிதைத்தது பற்றி இன்னொரு கட்டுரை.

பரகுவாட் என்ற பெயர் நம் கிராமங்களில் யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லாத பெயர். அதைக் குடித்துச் செத்தவர்கள் அவ்வளவு. 2008க்குப் பிறகு படிப்படியாகத் தடைசெய்தார்கள். அதைச் சாதாரண பொலித்தீனாலும் ஒளியாலும் சிதைக்கலாம் என்று கண்டியில் காட்டியிருக்கிறார்கள். தமிழில் இதை யாரும் எழுதி நான் வாசித்ததில்லை. பொலித்தீனும் காபன் சேர்மம்தானே, அதையும் தூள் தின்னாதா என்று என் மாணவரிடம் கேட்டேன். "தின்னும் சேர், மெதுவா. பெயின்ட் மாதிரித்தான்" என்றார். பிற்காலத்தில் கண்ணாடி, ஓடு என்று தூள் தின்ன முடியாத பரப்புகளில் பூசத் தொடங்கியது அதனால்தான்.

இனி நீலத்துக்கு வருவோம். இத்தகைய செய்முறைகளுக்கு வழக்கமாக எடுப்பது மெதிலீன் நீலம். விலை குறைவு, கண்ணுக்குத் தெரியும். ஆனால் அது மூன்று விதமாகக் காணாமல் போகலாம். ஒன்று, சாயம் தட்டில் போய் ஒட்டிக்கொள்ளலாம். சீலை சாயத்தை உறிஞ்சுவது போல. ஒளியே தேவையில்லை. அதனால்தான் விளக்கை அணைத்துவிட்டுப் பார்க்கச் சொன்னார். இரண்டாவது, சாயம் ஓர் இலத்திரனையோ இரண்டையோ வாங்கிக்கொண்டு நிறமற்ற இன்னொரு வடிவத்துக்கு மாறலாம். காற்றுப் பட்டால் நீலம் திரும்பி வரும். மூன்றாவதுதான் நமக்கு வேண்டியது, மூலக்கூறு உடைவது. அதிலும் ஒரு சிக்கல். நிறம் தரும் பகுதி அறுந்ததும் நிறம் போய்விடும். மிச்சத் துண்டுகள் தண்ணீரிலேயே இருக்கும். நெசவாலைகளில் பாவிக்கும் அசோச் சாயங்கள் சில உடையும்போது இடையில் வரும் அமீன்கள் மூலச் சாயத்தைவிடத் தீயவை. முழுக்க அறுத்து முடிக்க, நிறம் போவதற்கு எடுத்ததைவிடப் பல மடங்கு நேரம் தேவைப்படலாம். முடிந்ததா என்று கண்ணால் தீர்மானிக்க இயலாது. நீரில் மொத்தம் எவ்வளவு சேதனக் காபன் மிச்சம் என்று கருவியால் அளக்க வேண்டும்.

இதை வாசித்தபோது எனக்கு மத்ரஸாப் பாடம் ஞாபகம் வந்தது. நீரின் நிறம், சுவை, மணம் மூன்றில் ஏதும் மாறியிருக்கிறதா என்று பார்க்கப் பழகியவர்கள் நாம். அது வுளூவுக்கான தூய்மையின் சட்டம். அதில் எனக்குக் கருத்துச் சொல்ல அருகதை இல்லை. குடிக்கும் தண்ணீர் உடம்புக்கு நல்லதா என்பது வேறு கேள்வி. அதற்கும் இதே மூன்று அடையாளங்களே போதும் என்று நாங்கள் அன்று குவளையைச் சுற்றி நின்றபோது நினைத்துவிட்டோம்.

மூன்றாவது கேள்விக்குப் பதில் ஆய்வுகூடத்திலிருந்துதான் வர வேண்டியிருந்தது. கருவி வாங்குவதைச் சபை நிறுத்திவைத்தது. அதற்குத் தலைவரைச் சம்மதிக்க வைக்க நான் பட்ட பாடு தனிக் கதை. கிணற்று நீரைப் பரிசோதனைக்கு அனுப்பினோம். ரிப்போர்ட்டில் இரண்டு விஷயம். மலக்கழிவுக் கிருமி. நைத்திரேற்று, குடிநீருக்கு அனுமதிக்கப்பட்ட லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல். சாயம், பூச்சிமருந்து எதுவும் அகப்படவில்லை. கொழும்பின் நெருக்கமான சந்துகளில் கிணறும் மலக்குழியும் எத்தனை அடி தூரத்தில் இருக்கின்றன என்பதை நினைத்தால் அதிசயமில்லை.

கிருமியை அந்த விளக்கு ஓரளவு கொன்றிருக்கும். குளோரீனும் கொல்லும், செலவு சொற்பம். கிருமிக்கு ஊக்கியே இல்லாமல் வெயில் போதும் என்று பெய்ரூத் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் அஃப்திம் அக்ரா என்பவர் காட்டியதை 1984இல் யுனிசெப் நூலாக வெளியிட்டது. தெளிந்த நீரைக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் போத்தலில் ஊற்றி நல்ல வெயிலில் ஆறு மணித்தியாலம், மந்தாரமென்றால் இரண்டு நாள் வைப்பது இப்போது பல நாடுகளில் நடைமுறை. நைத்திரேற்று அப்படியல்ல. அது ஏற்கெனவே ஒட்சியேறி முடிந்த பொருள். மூலிகத்துக்கு அதில் கடிக்க ஒன்றும் இல்லை. நைதரசன் உள்ள அழுக்கை ஒளியூக்கி சிதைத்தால் கடைசியில் அதிலிருந்து நைத்திரேற்று கூடவும் செய்யலாம். கொதிக்க வைத்தாலும் போகாது. தண்ணீர் வற்றி இன்னும் செறியும். புட்டிப்பால் குடிக்கும் சிசுவின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க விடாமல் பண்ணும். அந்தக் குழாயில் போத்தல் நிரப்பிக்கொண்டு போன தாய்மார்களை நான் கண்டிருக்கிறேன்.

நைத்திரேற்று மட்டுமல்ல, ஈயம், ஆசனிக்கு, உப்பு, புளோரைட்டு எதையும் இந்த முறை இல்லாமல் ஆக்காது. மூலகத்தை அறுக்க முடியாது. வடமத்திய மாகாணத்தில் சிறுநீரக நோய் பரவிய கிராமங்களில் புளோரைட்டும் நீரின் வன்மையும் பேசப்படுகின்றன. அங்கே வைத்திருப்பது வேறு வகைச் சுத்திகரிப்பு. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் 2019இல் உயர் நீதிமன்றத் தீர்ப்புவரை போனது. எண்ணெய் ஒளியூக்கி தின்னக்கூடிய பொருள்தான். ஆனால் நிலத்தடியில் வெளிச்சம் ஏது? நீரை மேலே இறைத்துத்தான் செய்ய வேண்டும். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்பு நீரில் உள்ள இருகாபனேற்றும் மூலிகங்களில் ஒரு பங்கை இடையிலேயே விழுங்கிவிடும்.

வெள்ளவத்தையில் எங்கள் வீடு கால்வாய்க்குக் கிட்ட. மகன் கேட்டான்: "வாப்பா, அந்தத் தட்டுகளக் கால்வாயில போட்டா என்ன?" நல்ல கேள்வி. அந்தக் கறுத்த நீரில் கையை முழங்கை வரை விட்டால் விரல் தெரியாது. விரல் தெரியாத இடத்துக்கு ஒளி போகாது. ஒளி போகாத இடத்தில் தட்டு வெறும் தட்டு. முதலில் மண்டி அடைய வைத்து, வடித்து, நுண்ணுயிர்களைக் கொண்டு பெரும்பகுதியைச் சிதைத்து, அதற்கும் மசியாமல் மிஞ்சும் சாயத்தையும் மருந்தையும் தீர்க்கத்தான் ஒளியூக்கி. அதைவிட, வீட்டுக் கழிவு கால்வாய்க்குள் விழாமல் பார்த்துக்கொண்டால் பாதி வேலை மிச்சம்.

வெயிலில் கழியூதா நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில்தான். மிச்சத் தொண்ணூற்றைந்தும் வீண். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்திலும் வேலை செய்யும் ஊக்கி தேடி உலகமெங்கும் அலைகிறார்கள். 2001இல் ஜப்பானில் தைத்தேனியம் ஈரொட்சைட்டுக்குள் நைதரசனைப் புகுத்திப் பார்த்தார்கள். கட்மியம் சல்பைட்டு வெளிச்சத்தை நன்றாக ஏற்கும்; ஆனால் கட்மியமே நீரில் கரைந்து வரும் என்பதால் பேயை விரட்டப் பிசாசைக் கூப்பிட்ட கதை. பெரிய அளவில் சூரிய ஒளியாலேயே செய்து பார்த்த இடம் ஸ்பெயினின் அல்மேரியா, நம் மூதாதையர் எழுதிய அந்தலூசிய வரலாற்றில் வரும் அல்மரிய்யா. அங்கே வளைந்த கண்ணாடிகளால் வெயிலைக் குழாய்களில் குவித்துப் பூச்சிமருந்து கலந்த நீரை ஓடவிட்டு 1990களிலிருந்து பரிசோதிக்கிறார்கள்.

நமக்கு வெயிலும் உண்டு, மூலப்பொருளும் உண்டு. புல்மோட்டைக் கடற்கரையின் கறுப்பு மணலில் இருக்கும் இல்மனைட், தைத்தேனியமும் இரும்பும் ஒட்சிசனும் சேர்ந்த கனியம். 1957இல் கனிய மணல் கூட்டுத்தாபனம் அமைத்தது அதற்காகத்தான். இன்றுவரை பெரும்பாலும் மணலாகவே கப்பலேறுகிறது. வெள்ளைத் தூளாகப் பெயின்டிலும் பற்பசையிலும் வேறு விலையில் திரும்பி வருகிறது. புல்மோட்டையில் எனக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். கரையில் கறுப்பு மணல் அள்ளுவதைப் பற்றி அவர்களிடம் நிறையக் கதை உண்டு, வெள்ளைத் தூள் பற்றி ஒன்றும் இல்லை.

சபை கடைசியில் எடுத்த முடிவு எளியது. கிணற்று நீர் ஹவுளுக்கு மட்டும், அதுவும் குளோரீன் போட்டு. வாசல் குழாய்கள் இரண்டையும் நீர்வழங்கல் சபையின் இணைப்புக்கு மாற்றினோம். சேர்ந்த காசில் அதற்கு எடுத்தது போக மிச்சத்தைத் திருப்பிக் கொடுப்பதென்று தீர்மானம். இரண்டாவது கடிதத்தையும் நானே எழுதினேன். அரைப் பக்கம். முதல் கடிதத்தில் நான் விசாரிக்காமல் எழுதினேன் என்பதையும் அதில் எழுதினேன். தலைவருக்கு அந்த வரி பிடிக்கவில்லை. வெட்டவில்லை.

காசை வாங்கப் பலர் வரவில்லை, பள்ளிக்கே இருக்கட்டும் என்றார்கள். இடியப்ப ராத்தா வந்தார். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு காசை எண்ணிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"அப்ப மாஸ்டர், அந்த நீலத் தண்ணி தெளிஞ்சது பொய்யா?"

"இல்ல ராத்தா, மெய்தான். நம்மட கிணத்துல நீலம் இல்ல."